நாலாம் பத்தி

தொண்ணூறாவது நாள் திங்கட்கிழமை வருகிறது.
இன்று சனி. தேன்கனிக்கோட்டையில் மின்தடை.
இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் நானும் திம்மராயனும்,
அவர் தங்கை கெம்பம்மா போட்ட
பாகப்பிரிவினைப் பிராதும்.

பத்தி பத்தியாகப் பதில் சொல்லணும் என்றேன்.
மொத்தமாக எல்லாம் பொய் என்றால் செல்லாது.
மழுப்பவும் கூடாது.
நூறு ரூபாய் வாங்கவில்லை என்று மட்டும் எழுதினால்
அப்போது தொண்ணூற்றொன்பதா என்று கேட்கும் கோர்ட்டு.
எதைக் குறிப்பாக மறுக்கவில்லையோ
அதை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.
அவர் தலையாட்டினார்,
எந்தப் பத்திக்கு என்று தெரியவில்லை.

ஒன்று, விலாசம். மறுக்க ஏதுமில்லை.
இரண்டு, உறவுமுறை. சரி.
மூன்று, பூர்வீகச் சொத்து என்பது
முழுக்கக் கற்பனை; வாதி அதைக்
கண்டிப்பாக ருசுப்படுத்தக் கடமைப்பட்டவர்.
என் விரல்கள் தாமாக அடிக்கும் வரி.
சீனியரிடம் ஒன்பது வருஷம் அடித்த வரி.

பிறகு மாற்று வாதங்கள்:
சொத்து அண்ணன் சுயமாகச் சம்பாதித்தது.
பூர்வீகம்தான் என்றாலும் வாய்மொழியாகப் பாகம் ஆயிற்று.
ஆகவில்லை என்றாலும்
கல்யாணத்தில் நகை போட்டுக் கணக்கு தீர்ந்தது.
தீரவில்லை என்றாலும் காலம் கடந்துவிட்டது.
"பாகமா? எப்ப பிரிச்சோம்?"
பிரித்தோம் என்று சொல்லவில்லை, என்றாலும் என்கிறோம்.
"ஓ" என்றார்.
அந்த ஓவில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நாலு.
'வாதி பன்னிரண்டு வயது முதல்
ஓசூர் ரோஜாப் பண்ணையில் கூலிக்குப் போய்ச் சேர்த்த பணத்தில்தான்
தாவா சொத்தில் ஆழ்துளைக் கிணறு போடப்பட்டது.'
அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர்,
சங்கதியோடு நிறுத்திக்கொண்டார்.
முள் ஏறிப் புரையோடிய கட்டைவிரல்,
மருந்தடித்த ராத்திரியெல்லாம் வாந்தி,
இருட்டோடு நாலரைக்கு வந்து ஹாரன் அடிக்கும் வேன்,
இதெல்லாம் சாட்சியம். பிராதில் ஏறாது,
கூண்டில் ஏறித்தான் சொல்ல வேண்டும்.
எனக்கு இதையெல்லாம் சொன்னவர்
பிரதிவாதி.

அடித்து முடித்தேன், 'நாலாம் பத்தியில் கண்டவை
உண்மைக்குப் புறம்பானவை.'
வாசித்துக் காட்டினேன்.
சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கம் உறுதிமொழி.
'மேலே ஒன்று முதல் பதினொன்று வரை கண்ட சங்கதிகள்
என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை.'
பேனாவை வாங்கித் தி என்று எழுதி நிறுத்தினார்.
"நாலுக்கும் சேர்த்தா மேடம்?"
சேர்த்துத்தான்.
"ஐநூத்தி எண்பது அடியில தண்ணி வந்துச்சு.
சேத்துல நின்னுக்கிட்டு அவ சிரிச்சா."
அப்போ ஒப்புக்கொள்கிறோம் என்று போடட்டுமா?
"அய்யய்யோ. அப்படியும் போடாதீங்க.
ஊர்ல படிச்சுக் காட்டுவாங்க."

மௌனம் சம்மதம் என்பது
பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணுக்குச் சொல்வது.
கட்டளை எட்டு, விதி ஐந்து
அதை ஆணுக்கும் சொல்கிறது.
ஒரு முறை விளக்கினேன்.
கன்னடத்தில் இன்னொரு முறை.
"தெரியுது, தெரியுது."

நாலாம் பத்திக்கான பதிலை அழித்தேன்.
மூன்றுக்கு அடுத்து ஐந்து.
டைப்பிங் பிழை என்று நினைத்து
குமாஸ்தா சரசு திங்கட்கிழமை எண்ணைத் திருத்தப் போனாள்,
கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது.
சீனியர் உயிரோடிருந்தால் திட்டியிருப்பார்.
திம்மராயன் மீதிப் பெயரை இடுக்கி எழுதிவிட்டு
அஞ்செட்டி பஸ் போயிருக்குமா என்று கேட்டார்.

ஆடியில் வழக்கெழு வினாக்கள் வனைந்த அன்று
முன்சீப் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.
நாலாம் பத்திக்குப் பதில் காணோமே?
இல்லை, கனம் கோர்ட்டார் அவர்களே.
விடுபட்டதா?
இல்லை.
அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.
மூன்று வினாக்கள்; அவற்றில் கிணறு இல்லை.

கதவோரம் கெம்பம்மா
தன் வக்கீலின் கோட்டைத் தொட்டுக் கேட்டது காதில் விழுந்தது.
"அண்ணன் என்ன சொல்லியிருக்காரு?"
"ஒன்னும் சொல்லலம்மா. அதான்."